வேகத்தை மாற்றினால் ஷட்டரும் மாறும்: மோஷன் பிளர் பற்றிய இழை

வாசகர் ஒருவரின் கூற்று: "எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தால் என்ன? எடிட்டிங்கில் கிளிப்பை நான்கு மடங்கு வேகமாக்கிவிட்டு, அதன் மேல் ஒரு மோஷன் பிளர் எஃபெக்டைப் போட்டால் சினிமாவைப் போல வந்துவிடும். படப்பிடிப்பின்போது ஷட்டரைப் பற்றிக் கவலைப்படுவது வீண் வேலை."

6 ஜனவரி, காலை

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் இதை நம்புகிறார்கள். மோஷன் பிளர் என்பது, கேமராவின் ஷட்டர் ஒளிக்காகத் திறந்திருக்கும் நேரத்தில் பொருள் நகர்வதால் படத்தில் விழும் இழுவைக் குழைவு. எஃபெக்டைப் போட்டால் படம் அப்படிக் குழைவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குழைவு எதை ஈடுகட்ட வருகிறது என்று தெரியாமல் போட்டால், அது வெறும் பூசி மெழுகல்தான்.

நொடிக்கு 30 ஃப்ரேமில், 1/60 நொடி ஷட்டரில் எடுத்த ஒரு கிளிப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃப்ரேமுக்கு உரிய நேரம் 1/30 நொடி. அதில் பாதி நேரம் ஷட்டர் திறந்திருந்தது. இதைத்தான் 180 டிகிரி ஷட்டர் என்கிறோம். இப்போது அந்தக் கிளிப்பை நான்கு மடங்கு வேகமாக்கினால், மென்பொருள் ஒவ்வொரு நான்கு ஃப்ரேமிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் தூக்கி எறிகிறது. மிஞ்சிய ஒவ்வொரு ஃப்ரேமும் இனி 4/30 நொடி நிகழ்வுக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அதில் பதிவாகியிருப்பதோ வெறும் 1/60 நொடி அசைவு. அதாவது எட்டில் ஒரு பங்கு, 45 டிகிரி. நீங்கள் வேகத்தை மட்டும் மாற்றியதாக நினைக்கிறீர்கள். உண்மையில் ஷட்டரையும் கால் பங்காகக் குறைத்துவிட்டீர்கள். வேகமாக்கிய கிளிப்புகள் வெட்டி வெட்டி நகர்வதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

45 டிகிரி தன்னளவில் குற்றமல்ல. 1998இல் வெளியான 'சேவிங் பிரைவேட் ரையன்' படத்தின் போர்க்களக் காட்சிகளில் 45, 90 டிகிரி ஷட்டர்களைத் தெரிந்தே பயன்படுத்தினார்கள். மண்ணும் சிதறல்களும் கூர்மையாகத் தெறித்தது அதனால்தான். அங்கே பதற்றம் தேவைப்பட்டது. ஒரு அமைதியான பயணக் காட்சியைச் சுருக்கும்போது அதே பதற்றம் தானாக வந்து உட்கார்ந்துகொள்வதுதான் சிக்கல்.

6 ஜனவரி, இரவு

கணக்கைப் பொதுவாகச் சொல்லும்படி ஒருவர் கேட்டிருக்கிறார். 360ஐ டைம்லைனின் (மென்பொருளில் கிளிப்புகளை அடுக்கும் தளத்தின்) நொடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதை ஷட்டர் நேரத்தால் பெருக்குங்கள். வருவதை வேக மடங்கால் வகுத்துவிடுங்கள். கிடைப்பது பார்வையாளர் காணும் ஷட்டர் கோணம். மேலே சொன்ன உதாரணத்தில் 360 × 30 × 1/60 ÷ 4 = 45.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கேமரா எத்தனை ஃப்ரேமில் பதிவு செய்தது என்பது இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை என்பதுதான். 60 ஃப்ரேமில் 1/120 நொடியில் எடுத்ததை 24 ஃப்ரேம் டைம்லைனில் இயல்பான வேகத்திலேயே போட்டால் 360 × 24 × 1/120 = 72 டிகிரி. "நான் வேகத்தைத் தொடவே இல்லை, ஆனாலும் படம் துடிக்கிறது" என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். அதே கிளிப்பை 40 சதவீத வேகத்துக்குக் குறைத்தால் கோணம் 180க்குத் திரும்பிவிடும்.

கைபேசியில் எடுப்பவர்களின் நிலை இன்னும் மோசம். பெரும்பாலான கைபேசிகளில் லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, மாற்ற வழியில்லை. ஆகவே நல்ல வெயிலில் அது வெளிச்சத்தைக் குறைக்க ஷட்டரைத்தான் சுருக்கும். 1/1000 நொடி என்பது மிகச் சாதாரணம். 30 ஃப்ரேம் டைம்லைனில் அது 10.8 டிகிரி. நான்கு மடங்கு வேகமாக்கினால் 2.7 டிகிரி. அதை வீடியோ என்று சொல்வதைவிட, வரிசையாக அடுக்கிய புகைப்படங்கள் என்று சொல்வதே பொருத்தம். 1/1000ஐ 1/60க்குக் கொண்டுவர ஏறத்தாழ நான்கு ஸ்டாப் வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தைப் பாதியாக்குவது). அதற்கு, வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் ஒரு என்டி16 ஃபில்டர் போதும்.

7 ஜனவரி

"180 டிகிரி என்று கோணத்தில் சொல்வது ஏன்?" என்ற கேள்விக்கு: ஃபிலிம் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு வட்டத் தகடு சுழலும். அதில் வெட்டப்பட்ட பகுதி எவ்வளவோ அவ்வளவு நேரம் ஒளி ஃபிலிமின் மேல் விழும். மறைக்கப்பட்ட பகுதி கடக்கும்போது ஃபிலிம் அடுத்த ஃப்ரேமுக்கு இழுக்கப்படும். பாதி வட்டம் திறந்திருந்தால் 180. இன்றைய கேமராவில் தகடு இல்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எடிட்டிங் செய்பவருக்கு நொடிக் கணக்கைவிடக் கோணக் கணக்குதான் வசதி, ஏனெனில் ஃப்ரேம் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அது ஒப்பிடத் தக்கதாக இருக்கிறது.

9 ஜனவரி

தூக்கி எறியப்படும் மூன்று ஃப்ரேம்களையும் எறியாமல் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான யோசனை. ஃப்ரேம் பிளெண்டிங் என்ற பெயரில் பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களில் இது இருக்கிறது. எத்தனை ஃப்ரேம்களைக் கலப்பது என்பதை அங்கே பெரும்பாலும் மென்பொருளே முடிவு செய்துவிடும். அந்த எண்ணிக்கை நம் கையில் இருக்க வேண்டுமென்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் டிமிக்ஸ் ஃபில்டரில் நான்கு என்றோ எட்டு என்றோ நாமே கொடுக்கலாம். கலந்த பிறகுதான் ஃப்ரேம்களைக் குறைக்க வேண்டும்; முதலில் குறைத்துவிட்டுப் பின்னர் கலந்தால், தொடர்பில்லாத நான்கு கணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் முடிவை நிறுத்திவைத்து உற்றுப் பாருங்கள். குறுக்கே கைவீசி நடக்கும் ஒருவரை இப்படிக் கலந்தால், கை ஒரே இழுவையாகக் குழைவதில்லை. வெளிறிய நான்கு கைகள் தெரியும்; ஒவ்வொன்றுக்கும் இடையில், அந்தக் கை நகர்ந்த தூரத்துக்குச் சமமான ஒரு வெற்றிடம் தெரியும். அந்த வெற்றிடம் ஷட்டர் மூடியிருந்த நேரம். 180 டிகிரியில் எடுத்தால் பாதி நேரம் கேமரா கண்ணை மூடிக்கொண்டிருந்தது. பதிவே ஆகாத அசைவை எந்தக் கலவையும் கொண்டுவர முடியாது.

ஆகவே ஒரு காட்சியை வேகமாக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால், ஷட்டரைப் பாதி நேரம் திறந்துவைக்கும் வழக்கமான 180 விதியை மீறி 30 ஃப்ரேமுக்கு 1/30 நொடியில், அதாவது 360 டிகிரியில் எடுப்பதே சரி. அப்போது ஃப்ரேம்களுக்கு இடையில் ஏறக்குறைய இடைவெளியே இருக்காது. நான்கு மடங்கு வேகத்தில், ஒவ்வொரு நான்கிலும் அடுத்தடுத்த இரண்டை மட்டும் கலந்தால், எந்த எஃபெக்டும் இல்லாமல், உண்மையான 180 டிகிரி பிளர் கிடைக்கும். நான்கையும் கலந்தால் 360. இயல்பு வேகத்தில் பார்த்தால் அந்த மூலக் கிளிப் கொஞ்சம் சோம்பலாகத் தெரியும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு மனம் மாறி அதை இயல்பு வேகத்தில் பயன்படுத்த நினைத்தால் வருத்தப்படுவீர்கள்.

டைம்லாப்ஸ் எடுப்பவர்கள் இதை வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்தால், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நொடி ஷட்டரைத் திறந்துவைப்பார்கள். அதுவும் 180 டிகிரிதான்.

10 ஜனவரி

இனி, எடுத்தாகிவிட்டது, திரும்ப எடுக்க வழியில்லை என்ற நிலை. இங்கேதான் மோஷன் பிளர் எஃபெக்டுகள் வருகின்றன. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் பிக்சல் மோஷன் பிளர், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் கட்டண ஸ்டூடியோ பதிப்பில் கலர் பக்கத்திலுள்ள மோஷன் பிளர், ரீல்ஸ்மார்ட் மோஷன் பிளர் என்ற தனி பிளக்-இன் ஆகிய எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்றே. இரண்டு ஃப்ரேம்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று ஊகித்து, அந்தத் திசையில் அந்த அளவுக்கு இழுத்துக் குழைக்கின்றன. ஊகம் சரியாக இருக்கும் இடத்தில் முடிவு பிரமாதமாக இருக்கும். நேர்சாலையில் செல்லும் வாகனத்திலிருந்து முன்னோக்கி எடுத்த காட்சியில், இது எஃபெக்ட் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஊகம் தவறும் இடங்களும் எப்போதும் அவையேதான். கம்பி வேலிக்கு முன்னால் ஒருவர் சைக்கிளில் கடக்கும் காட்சியை ஒருமுறை இப்படிக் குழைத்தேன். வேலியின் கம்பிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், எந்தக் கம்பி எங்கே போனது என்று மென்பொருளுக்குப் புரியவில்லை. அவருடைய தோளை ஒட்டிய கம்பிகள் தோளோடு சேர்ந்து வளைந்து, அவர் கடந்த பின் துள்ளி நேராகின. சக்கரத்தின் ஆரங்கள் ஒரு திசையில் சுற்ற, அவற்றின் பிளர் எதிர்த்திசையில் இழுபட்டது. நீர்த் தெறிப்பு, புகை, ஒன்றையொன்று மறைக்கும் கால்கள், ஃப்ரேமின் ஓரத்தில் புதிதாக நுழையும் பொருள்கள் ஆகியவற்றிலும் இதே கதைதான். சைக்கிள் காட்சியில் இறுதியில் சைக்கிளைச் சுற்றி மாஸ்க் போட்டு, பின்னணியை எஃபெக்டிலிருந்து விலக்கிவைத்தேன். கேமரா அசையாமல் இருந்ததால் அது சாத்தியமாயிற்று.

வரிசையும் முக்கியம். முதலில் வேகத்தை மாற்றி, அதை நெஸ்ட் அல்லது காம்பவுண்ட் கிளிப்பாக, அதாவது தனி ஒரு கிளிப்பைப் போல, கட்டி, பிறகு அந்தக் கட்டின் மேல் பிளரைப் போடுங்கள். அப்போதுதான் எஃபெக்ட், வேகமான ஃப்ரேம்களுக்கு இடையிலான பெரிய நகர்வைப் பார்க்கும். தலைப்பு எழுத்துகள், லோகோ போன்றவை அந்தக் கட்டுக்கு வெளியே, மேல் ட்ராக்கில் இருக்கட்டும். உள்ளே வைத்தால், நகராத எழுத்தின் விளிம்பையும் பின்னணி தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

11 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒன்றைக் கூர்மையாக்க வேண்டும். பலர் எஃபெக்டில் 180 என்று அப்படியே வைக்கிறார்கள். எந்த மென்பொருளும் தடுப்பதில்லை. ஆனால் கிளிப்பில் ஏற்கெனவே 45 டிகிரி பிளர் இருக்கிறது. அதன் மேல் 180ஐச் சேர்த்தால் இழுவையின் மொத்த நீளம் 225 டிகிரிக்கு உரியதாகிவிடும். இலக்கு 180 என்றால் எஃபெக்டில் 135 போதும். பன்னிரண்டு மடங்கு வேகமாக்கிய கிளிப்பில் இருப்பது 15 டிகிரிதான் என்பதால் அங்கே இந்தக் கழித்தல் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மடங்கு வேகத்தில் ஏற்கெனவே 90 இருப்பதால் நிச்சயம் தெரியும். இரண்டு மடங்கு வேகத்தோடு நிற்பவர்கள் பெரும்பாலும் எஃபெக்டே இல்லாமல் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 90 டிகிரியைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வளைந்த வேலியை மாட்டார்கள்.

13 ஜனவரி

எதிர்த்திசைக் கேள்வி வந்திருக்கிறது: 30 ஃப்ரேமில் 1/60 நொடியில் எடுத்ததை 25 சதவீத வேகத்துக்குக் குறைத்து, ஆப்டிகல் ஃப்ளோ (அசைவை ஊகித்து இடை ஃப்ரேம்களை உருவாக்கும் முறை) போட்டிருக்கிறார். அசைவு தொடர்ச்சியாக வருகிறது, ஆனால் படம் தண்ணீருக்குள் இருப்பதுபோல மங்கலாக இருக்கிறது என்கிறார்.

அதே சூத்திரம்தான்: 360 × 30 × 1/60 ÷ 0.25 = 720 டிகிரி. எந்தக் கேமராவாலும் ஒரு ஃப்ரேமுக்குள் 360க்கு மேல் திறந்திருக்க முடியாது. நீங்கள் அதைப்போல இரு மடங்கு குழைவைத் திரையில் காட்டுகிறீர்கள். ஆப்டிகல் ஃப்ளோ இடையிலுள்ள ஃப்ரேம்களைப் புதிதாக உருவாக்கும். மூல ஃப்ரேமில் உறைந்துவிட்ட இழுவையை அகற்றாது. மேலும், விளிம்பு மங்கலாக இருந்தால் அந்தப் புள்ளி எங்கே போனது என்று ஊகிப்பதும் அதற்குக் கடினமாகிறது. ஆகவே குழைவும் கூடுகிறது, பிழையும் கூடுகிறது.

அதிக ஃப்ரேமில் எடுக்க இயலாத கேமராவை வைத்துக்கொண்டு மெதுவாக்கத் திட்டமிட்டால், ஷட்டரைச் சுருக்குங்கள். 1/240 நொடியில் எடுத்தால் மூலக் கிளிப் 45 டிகிரி. 25 சதவீத வேகத்தில் சரியாக 180க்கு வந்து நிற்கும். மென்பொருளுக்குக் கூர்மையான விளிம்புகளும் கிடைக்கும். விலை வெளிச்சம்: இரண்டு ஸ்டாப் அதிகமாகத் தேவைப்படும். மின்விளக்கின் கீழ் எடுத்தால் மினுக்கலும் வந்து சேரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. 1/240 நொடி ஷட்டர் அந்த ஏற்ற இறக்கத்தில் ஏதோ ஒரு துண்டை மட்டும் பிடிக்கும். வேகத்தைக் குறைக்கும்போது அந்த மினுக்கல் நிதானமாக, தப்பவே முடியாதபடி தெரியும்.

கேள்வி கேட்டவருக்கு இப்போது என்ன வழி என்றால், 25ஐ விட்டுவிட்டு 50 சதவீதத்தோடு நிறுத்துங்கள். அப்போது 360 டிகிரி. மென்மையாக இருக்கும், ஆனால் பார்க்கத் தக்கதாக இருக்கும். ரிசால்வின் ஸ்பீட் வார்ப் போன்ற புதிய முறைகள் இடை ஃப்ரேம்களை மற்றவற்றைவிடச் சுத்தமாகத் தரும் என்பதும் உண்மைதான். ஆனாலும் 720 டிகிரி 720 டிகிரிதான்.

14 ஜனவரி

ஒலியைப் பற்றிக் கேட்டவருக்கு: இரு மடங்கு வேகமாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும், பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும். சுருதியைக் காக்கும் பெட்டியை டிக் செய்தால் பேச்சு ஓரளவு தாங்கும். நான்கு மடங்குக்கு மேல் ஒலியை அகற்றிவிட்டு வேறு ஒலியைப் போடுவதே மரியாதை.

16 ஜனவரி

இரவுக் காட்சிகளைக் கலப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. வாகனங்களின் முகப்பு விளக்குகள் உண்மையான நீண்ட ஷட்டரில் பளீரென்ற வெண்கோடுகளாக விழும். எடிட்டிங்கில் ஃப்ரேம்களைக் கலந்து உருவாக்கிய கோடுகளோ சாம்பல் நிறத்தில் சோர்ந்து கிடக்கும். இது ஏன் என்று நெடுநாள் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

காரணங்கள் இரண்டு. முதலாவது, வீடியோவில் பதிவாகும் எண்கள் ஒளியின் அளவோடு நேர் விகிதத்தில் இல்லை. இருண்ட பகுதிகளுக்கு அதிக எண்களை ஒதுக்கும் காமா வளைவில் மடிக்கப்பட்டவை. ஒரு புள்ளி ஒரு ஃப்ரேமில் முழு வெண்மையாகவும் (255) மறு ஃப்ரேமில் முழுக் கருமையாகவும் (0) இருந்தால், எண்களை அப்படியே சராசரி எடுத்தால் 128 வரும். ஒளியின் அளவைச் சராசரி எடுத்து மீண்டும் காமாவுக்கு மாற்றினால் 188 வர வேண்டும். நான்கு ஃப்ரேமில் ஒன்றில் மட்டும் வெண்மை என்றால் வித்தியாசம் இன்னும் கொடுமை: 64 வருகிறது, வர வேண்டியது 137. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் புராஜெக்ட் செட்டிங்ஸில் 1.0 காமாவில் கலக்கும் பெட்டியை டிக் செய்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். முடிந்தால், வெண்மை வரம்புக்கு மேலான மதிப்புகளையும் தாங்கும் 32 பிட்டுக்கும் மாற்றுங்கள்.

இரண்டாவது காரணத்துக்கு முழு மருந்து இல்லை. விளக்கின் உண்மையான பிரகாசம் கேமராவின் வெண்மை வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். பதிவில் அது 255இல் வெட்டப்பட்டுவிட்டது. பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே ஒரு புள்ளியில் நின்றாலும் உண்மையான விளக்கு அந்தப் புள்ளியை வெண்மையாக்கிவிடும்; வெட்டப்பட்ட 255க்கு அந்த வலிமை இல்லை. கலப்பதற்கு முன் மிக வெண்மையான பகுதிகளை மட்டும் தேர்ந்து, 32 பிட்டில் சில மடங்கு உயர்த்தி, பிறகு கலப்பது நான் செய்வது. கொஞ்சம் கூடினாலும் தெருவிளக்குகள் எல்லாம் வெல்டிங் பட்டறை ஆகிவிடும். ஆகவே நிதானம் வேண்டும்.

17 ஜனவரி

டைரக்ஷனல் பிளர் மோஷன் பிளர் ஆகாது. அது நகர்வதையும் நகராததையும் ஒரே திசையில் சமமாகத் தேய்க்கும். கேமராவைச் சடாரென்று திருப்பும் விப் பேன் காட்சியில் மட்டும் எல்லாமே ஒன்றாக நகர்வதால் அதுவும் பொருந்தும். இரண்டு கிளிப்புகளின் வெட்டை மறைக்க நானும் அங்கே அதைத்தான் போடுகிறேன்.

19 ஜனவரி

ஸ்பீட் ராம்ப் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. இயல்பு வேகத்திலிருந்து நானூறு சதவீதத்துக்கு ஏறி மீண்டும் இறங்கும் வகை.

இங்கே ஒரே அளவு பிளரைக் கிளிப் முழுவதும் போடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. இயல்பு வேகப் பகுதியில் கிளிப் ஏற்கெனவே 180 டிகிரியில் இருக்கிறது. அங்கே எதுவுமே தேவையில்லை. உச்ச வேகத்தில் 135 தேவை. ஆகவே எஃபெக்டின் அளவுக்கும் கீஃப்ரேம் (இந்த ஃப்ரேமில் இந்த மதிப்பு என்று குறிக்கும் புள்ளி) வைக்க வேண்டும், வேக வளைவின் அதே இடங்களில். வேகம் எந்த வடிவில் ஏறுகிறதோ அதே வடிவில் பிளரும் ஏற வேண்டும் என்று விழுந்து விழுந்து அளவெடுக்கத் தேவையில்லை. ஆனால் வேகம் ஏறத் தொடங்கும் முன்பே பிளர் ஏறிவிட்டால், கண் உடனே பிடித்துவிடும். ஓரிரு ஃப்ரேம் தாமதித்து ஏறுவது நல்லது.

ராம்பின் மெதுவான பகுதிக்குத்தான் 60 ஃப்ரேம் மூலத்தைப் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். அதை 24 ஃப்ரேம் டைம்லைனில் போடும்போது ஒரு விஷயம் பேசப்படுவதே இல்லை. இயல்பு வேகத்தில் 60க்கும் 24க்கும் உள்ள விகிதம் 2.5. அரை ஃப்ரேம் என்று ஒன்று கிடையாது என்பதால் மென்பொருள் ஒருமுறை இரண்டு ஃப்ரேம் தள்ளியும் மறுமுறை மூன்று ஃப்ரேம் தள்ளியும் எடுக்கிறது. சீராக நகரும் கேமராவில் அது ஒரு நொண்டல்போலத் தெரியும். எந்தப் பிளரும் இதை மறைக்காது. ஆனால் 40 சதவீதத்தில் ஒவ்வொரு ஃப்ரேமும், 80 சதவீதத்தில் இரண்டுக்கு ஒன்றும், 120 சதவீதத்தில் மூன்றுக்கு ஒன்றும் சீராக எடுக்கப்படும். நாற்பதின் மடங்குகளில் ராம்பின் சமதளங்களை, அதாவது வேகம் மாறாத பகுதிகளை, அமைத்தால் நொண்டல் போய்விடும். 100க்குப் பதில் 120 சதவீதத்தில் நடக்கும் மனிதரை யாரும் அவசரக்காரர் என்று சொல்லப்போவதில்லை. ஒலி இல்லாத காட்சிகளுக்கு மட்டும் இந்த யோசனை.

ஏறும் இறங்கும் பகுதிகளில் மட்டும் ஆப்டிகல் ஃப்ளோவும், சமதளங்களில் அது இல்லாமலும் வைக்க நினைப்பவர்கள் கிளிப்பை அந்த இடங்களில் வெட்டிக்கொள்வது எளிது. வெட்டிய இடத்தில் ஒரு சிறு துள்ளல் வருகிறதா என்று ஃப்ரேம் ஃப்ரேமாகத் தட்டிப் பாருங்கள்.

20 ஜனவரி

"ஃப்ரேமைத் தள்ளிவிடப் போகிறோம் என்று தெரிந்தே ஷட்டரைத் தேர்ந்தவர்கள் பெரிய படங்களில் உண்டா?" என்று கேட்டவருக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2012இல் வெளியான 'தி ஹாபிட்' முதல் பாகம் 48 ஃப்ரேமில் எடுக்கப்பட்டது. ஷட்டர் 270 டிகிரி, அதாவது 1/64 நொடி. பெரும்பாலான அரங்குகளில் 24 ஃப்ரேம் பதிப்புதான் ஓட வேண்டியிருந்தது. 360 × 24 × 1/64 = 135 டிகிரி. 180இல் எடுத்திருந்தால் 24 ஃப்ரேம் பதிப்பு 90க்கு இறங்கியிருக்கும். 360இல் எடுத்திருந்தால் 48 ஃப்ரேம் பதிப்பு குழைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். நம்முடைய ராம்ப் பிரச்சினையும் அளவில் சிறிய இதே சமரசம்தான்.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமென்றால், பொம்மைகளை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பொம்மை அசையாமல் நிற்பதால் ஷட்டர் எவ்வளவு திறந்திருந்தாலும் பிளர் பூஜ்யம். 1980களின் தொடக்கத்தில் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் ஃபில் டிப்பெட்டும் அவருடன் பணியாற்றியவர்களும், ஷட்டர் திறந்திருக்கும்போதே பொம்மையைக் கணினி இயக்கும் கம்பிகளால் நகர்த்தி அந்தக் குறையைத் தீர்த்தார்கள். கோ-மோஷன் என்று அதற்குப் பெயர்.

22 ஜனவரி

ஸ்டெபிலைசேஷன் செய்த கிளிப் இடையிடையே மங்குகிறது என்று வந்த புகாரும் இதே குடும்பம்தான். குலுங்கலின் அசைவை மென்பொருள் நீக்கிவிட்டது. குலுங்கியபோது ஃப்ரேமில் பதிவான பிளர் மட்டும் அப்படியே இருக்கிறது. நிலையாக நிற்கும் சுவர் திடீரென்று ஒரு ஃப்ரேம் மங்கி, மறு ஃப்ரேம் கூர்மையாகிறது. கையில் பிடித்து நடந்து எடுக்கும் காட்சியை ஸ்டெபிலைஸ் செய்யப்போவதாக இருந்தால் 1/200 நொடியைப் போலச் சுருக்கமாக எடுத்து, நிலைப்படுத்தி, வேகத்தை மாற்றி, கடைசியில் பிளர் போடுங்கள். நிலைப்படுத்துவதற்கு முன் பிளரைச் சேர்த்தால் குலுங்கலையே குழைத்து நிரந்தரமாக்கிவிடுவீர்கள். இந்த மூன்றையும் ஒரே கிளிப்பில் அடுக்கினால் கணினி முனகும். நிலைப்படுத்தியதை ஒருமுறை ரெண்டர் செய்து இறக்கிக்கொண்டு மேலே தொடர்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

24 ஜனவரி

முதல் கூற்றை எழுதியவர் திரும்பி வந்து, "அப்படியானால் எடிட்டிங்கில் பிளர் சேர்ப்பதே கூடாதா?" என்று கேட்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஷட்டரே இல்லாத மூலங்களுக்கு வேறு வழியே கிடையாது. கணினித் திரையின் பதிவு, அனிமேஷன் எழுத்து, பிளரை அணைத்துவிட்டு விளையாடிய கணினி விளையாட்டின் பதிவு ஆகிய எல்லாம் பூஜ்யம் டிகிரி. விளையாட்டை 240 ஃப்ரேமில் பதிவு செய்து நான்கு நான்காகக் கலந்து 60 ஃப்ரேமாக்கினால் பிளர் வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வருவது நான்கு கூர்மையான பிம்பங்கள்தான். வேகமாகத் திரும்பும்போது அவற்றைத் தனித்தனியாக எண்ணலாம். ஆகவே கலந்ததன் மேல் லேசாக, அடுத்தடுத்த பிம்பங்களின் இடைவெளியை நிரப்பும் அளவுக்கு மட்டும், அசைவை ஊகிக்கும் பிளரைச் சேர்ப்பேன். இடைவெளி சிறியது என்பதால் ஊகமும் அவ்வளவாகத் தவறாது.

அனிமேஷன் எழுத்துக்கு ஊகமே வேண்டாம். அது எங்கே போகிறது என்று கீஃப்ரேமே சொல்கிறது. பிரீமியர் மென்பொருளில் கிளிப்போடு வரும் மோஷன் பகுதியில் நகர்த்தாமல் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டைச் சேர்த்து அதில் நகர்த்தினால், அதன் ஷட்டர் ஆங்கிள் வேலை செய்யும். ரிசால்வில் ஃப்யூஷன் பக்கத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்ம் கருவியின் செட்டிங்ஸில் மோஷன் பிளர் பெட்டி இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயரிலும் காம்போசிஷனிலும் இரண்டு இடங்களிலும் சுவிட்சைப் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறவர்கள் ஓய்வதில்லை.

வேகமாக்கிய கிளிப்பில் ஓடும் வாகனம் ஒன்றை ட்ராக் செய்து, அதாவது அதன் நகர்வைப் பின்தொடர்ந்து, எழுத்தையோ அம்புக்குறியையோ ஒட்டும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தரும் இயல்பு மதிப்புகள் ஷட்டர் ஆங்கிள் 180, ஷட்டர் ஃபேஸ் (ஷட்டர் எப்போது திறக்கத் தொடங்குகிறது என்பது) -90. கீழே உள்ள கிளிப்பை எஃபெக்ட் இல்லாமல் 45 டிகிரியிலேயே விட்டிருந்தால், எழுத்து மட்டும் நான்கு மடங்கு நீளமாக இழுபட்டு, வாகனத்தின் மேல் ஒட்டாமல் தனியே மிதக்கும். எழுத்தின் ஷட்டர் ஆங்கிளையும் 45 ஆக்குங்கள்; ஃபேஸை அதன் பாதியாக, எதிர்மறையில், -22 அல்லது -23 என்று வைத்தால் இழுவை எழுத்தின் இருபுறமும் சமமாக விழும். கிளிப்புக்கு 135 சேர்த்து 180 ஆக்கியிருந்தால் இயல்பு மதிப்புகளைத் தொட வேண்டியதில்லை.